லூசி வில்ஸும் பெரிதாகிப் போன சிவப்பணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு பார்ப்பது என் வேலை. மாலையில் லேப் டெக்னீஷியன் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். மைக்ராஸ்கோப்புக்கு மேலே சுவரில் லூசி வில்ஸின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், பிள்ளைகள், டீ கொண்டு வருகிற தம்பி என்று எல்லாரும் அதைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பேச்சு அந்த அம்மையாரில் ஆரம்பித்து அவரவர் வீட்டு மாத்திரை டப்பாவில் போய் முடியும். வருஷக்கணக்காக ஒரே கேள்விகள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது. நான் ஸ்லைடு பார்க்கிற ஆள்.

யாருங்க இந்தம்மா? டாக்டரா, நர்ஸா?

டாக்டர். 1888-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-இல் தேர்வு எழுதினார். பட்டம் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1948-இல்தான். முதல் உலகப் போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். கேப்டவுனில் தன்னார்வ நர்ஸாக வேலை பார்த்தார். ஆகவே நர்ஸா என்று கேட்பதும் முழுத் தப்பில்லை.

அதன் பிறகுதான், 1915-இல், லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். டாக்டராகி வெளியே வரும்போது வயது 32. நோயாளி பார்க்கிற பக்கம் போகாமல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில், கர்ப்ப காலத்தில் உடலின் வேதியியல் எப்படி மாறுகிறது என்கிற ஆராய்ச்சியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஜாதி, அதாவது லேப் ஜாதி. படம் சுவரில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊருக்கு எதுக்கு வந்தாங்க?

பிரசவத்தில் பெண்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள் என்று இந்தியாவில் அப்போது ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதை நடத்திய டாக்டர் மார்கரெட் பால்ஃபர் கூப்பிட்டதன் பேரில் 1928-இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார். ஏழைக் கர்ப்பிணிகளிடம், குறிப்பாக நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில், ஒரு கடுமையான ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மருந்துக்கு அது மசியவில்லை. உயிரையே வாங்கிக்கொண்டிருந்தது.

1933 வரை, நடுநடுவே கோடைக்கு லண்டன் போய் வந்தபடி, அந்த ஒரு கேள்வியைத்தான் துரத்தினார். 1937 கடைசியில் மறுபடியும் பத்து வாரம் வந்து போனார்.

ரத்தசோகைன்னா இரும்புச்சத்து குறைவுதானே? இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. வகுப்பில் இதற்குப் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு ஸ்லைடுகளைக் காட்டுவேன். இரும்பு குறைந்தவரின் சிவப்பணு சின்னதாக, நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் நிறம் கட்டிய வளையம் போல இருக்கும். இன்னொரு ஸ்லைடில் சிவப்பணு பெரிதாக, முட்டை வடிவில், நடுவில் வெளிறலே இல்லாமல் கொழுகொழுவென்று கிடக்கும். பக்கத்திலேயே ஒரு வெள்ளணு இருக்கும். வழக்கமாக அதன் உட்கரு மூன்று நான்கு துண்டாக இருக்க வேண்டும். இதில் ஆறு, ஏழு துண்டு. எந்த மாணவனும் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டான். வில்ஸ் துரத்தியது இந்த இரண்டாவது ஸ்லைடை.

அணு ஏன் பெரிதாகிறது? எலும்பு மஜ்ஜையில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் அதன் டிஎன்ஏ நகலெடுக்கப்பட வேண்டும். அதற்கு வேண்டிய சரக்கு வராவிட்டால் உட்கரு அப்படியே நின்றுபோகும். செல்லின் உடம்போ அது தெரியாமல் வளர்ந்துகொண்டே போகும். எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது. அந்தச் சரக்கு என்னவென்றுதான் 1928-இல் யாருக்கும் தெரியாது.

மார்மைட்டுங்கிறாங்களே, அது மருந்தா?

மருந்தே இல்லை. பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கிற கறுப்புப் பசை. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவுவார்கள். 1902 முதல் விற்பனையில் இருக்கிறது. உப்பு கரிக்கும், வாசனை ஒரு மாதிரி. இலங்கைக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், அங்கே பாதி வீட்டுச் சமையலறையில் இருக்கும்.

வில்ஸ் இந்த மார்மைட்டுக்கு வந்து சேர்ந்த பாதை நேரானது அல்ல. முதலில் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். யார் தட்டில் காய்கறியும் பழமும் பாலும் குறைவோ அவர்களிடம்தான் நோய் அதிகம் என்று தெரிந்தது. அதே சாப்பாட்டை வெள்ளை எலிகளுக்குப் போட்டார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது, கர்ப்பமான எலிகள் குட்டி போடுவதற்கு முன்பே செத்தன. ஈஸ்ட் சேர்த்தால் தப்பித்தன. அப்புறம் பார்த்தால் எலிகளுக்குப் பேன் மூலம் பரவுகிற ஒரு கிருமித் தொற்றும் இருந்திருக்கிறது. எது சாப்பாட்டால் வந்தது, எது கிருமியால் வந்தது என்று ஒரே குழப்பம். குரங்குகளுக்கு மாறினார். நொடிந்துபோன ஒரு குரங்கு மார்மைட் கொடுத்ததும் தேறியது என்கிற கதையை லேப்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வோம். நோயாளிகளுக்குக் கொடுத்தார், தேறினார்கள். 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது.

உள்ளே இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஏதோ ஒன்று இருக்கிறது, அது குணப்படுத்துகிறது, அவ்வளவுதான். உலகம் அதற்கு ‘வில்ஸ் காரணி’ என்று பெயர் வைத்தது. செல் பிரிய வேண்டிய அந்தச் சரக்கு அதுதான்; இன்றைய பெயர் ஃபோலிக் ஆசிட்.

சென்னையிலயும் வேலை பார்த்தாங்கன்னு சொன்னீங்களே, நிஜமா?

நிஜம். 1931 தொடக்கத்தில் திருவல்லிக்கேணியில், அப்போது ‘காஸ்ட் அண்ட் கோஷா ஆஸ்பத்திரி’ என்று பெயர். இப்போது அரசு கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஆட்டோக்காரரிடம் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன், 1929-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தார். ராபர்ட் மக்கேரிசன் அங்கேதான் உணவுச்சத்து ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஆய்வகம்தான் பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

வெள்ளைக்காரங்க நம்ம பொண்ணுங்களைச் சோதனை எலி ஆக்கினாங்கன்னுதானே அர்த்தம்?

இதை ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, மழுப்ப மாட்டேன். இன்று இருக்கிற மாதிரி எழுதி வாங்கும் ஒப்புதல், நெறிமுறைக் குழு எதுவும் அப்போது கிடையாது. காலனி ஆட்சியின் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஏழைப் பெண்ணால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் கொடுக்கப்பட்டது ஒரு சாப்பாட்டுப் பொருள், அதுவும் சாவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு. வில்ஸ் தேடியதும் விலை குறைந்த ஒன்றைத்தான். காரணத்தைப் பெண்களின் இனத்திலோ வெப்ப நாட்டுத் தட்பவெப்பத்திலோ தேடாமல் தட்டில் தேடினார் என்பதற்காக என் பார்வையில் அவர் ஒரு படி மேலே நிற்கிறார். இந்த நோயை ‘வெப்பமண்டல ரத்தசோகை’ என்று அழைத்த காலம் அது. வெயிலால் வந்ததில்லை, வறுமையால் வந்தது.

அப்போ ஃபோலிக் ஆசிட்டைக் கண்டுபிடிச்சது அவங்கதானே?

இருப்பதைக் கண்டார், கையில் எடுத்துக் காட்டியவர்கள் வேறு ஆட்கள். 1941-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து மிகக் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் ‘ஃபோலியம்’; அதனால் ஃபோலிக் அமிலம். 1945-இல் அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தின் குழு அதை ஆய்வகத்தில் செய்து காட்டியது. அந்த ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கதர் கட்டிக்கொண்டு வந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். இளமையில் ‘ஸ்ப்ரூ’ என்கிற குடல் நோயில் சாகக் கிடந்து, ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். சகோதரர் ஒருவர் அதே நோய்க்குப் பலியானார். அந்த ஸ்ப்ரூவுக்கும் கேட்கிற மருந்து ஃபோலிக் அமிலம்! கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம். வில்ஸுக்கும் சரி, சுப்பாராவுக்கும் சரி, நோபல் இல்லை.

பி12-ம் ஃபோலிக்கும் ஒண்ணுதானே? ரெண்டுமே ரத்தத்துக்குத்தானே?

எல்லாரும் குழம்புகிற இடம் இது. வில்ஸின் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

1926-இல் மைனாட், மர்ஃபி என்ற இருவர் பாஸ்டனில் ‘பெர்னீஷியஸ் அனீமியா’ என்கிற உயிர்கொல்லி ரத்தசோகைக்கு ஈரல் சாப்பிடக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். 1934-இல் நோபல் கிடைத்தது. அந்த நோயின் ஸ்லைடையும் பம்பாய்ப் பெண்களின் ஸ்லைடையும் கலந்து வைத்தால் எது எது என்று என்னால் சொல்ல முடியாது. அப்படியே ஒன்று போல் இருக்கும். அப்போ மருந்தும் ஒன்றுதானே இருக்க வேண்டும்? ஈரல் சாற்றைப் படிப்படியாகச் சுத்தம் செய்தபோது விஷயம் வெளியே வந்தது. சுத்தம் செய்யாத ஈரல் சாறு இரண்டு வகை நோயாளிகளுக்கும் கேட்டது. சுத்தப்படுத்திய சாறு பாஸ்டன் வகை நோயாளிக்குக் கேட்டது. வில்ஸின் நோயாளிகளுக்குக் கேட்கவில்லை. ஈஸ்ட் சாற்றுக்கு அவர்கள் தேறினார்கள். ஆக, பொருள் இரண்டு. 1930-களின் கடைசியில், இரண்டுக்கும் பெயர்கூட இல்லாத காலத்தில், இதைப் பிரித்துச் சொன்னார். சுத்தச் சாற்றில் இருந்தது பி12; 1948-இல்தான் அது தனியாகக் கிடைத்தது.

நமக்கு இதில் என்ன? பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் மட்டும் அள்ளிக் கொடுத்தால் ரத்தம் சரியாகிவிடும். ஹீமோகுளோபின் ஏறும், ஸ்லைடு அழகாகும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்: கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, ஞாபகம் தப்புவது.

கீரை தினமும் சாப்பிடுறோம். பழைய சோறும் உண்டு. மாத்திரை எதுக்கு?

கீரையில் ஃபோலேட், அதாவது சாப்பாட்டில் இயற்கையாக இருக்கிற ஃபோலிக், நிறைய இருக்கிறது, பயறு பருப்பிலும் உண்டு. ஆனால் அது சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்காது. அரைமணி நேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்து சிங்க்கில் போகிறது. உடம்பில் அதன் கையிருப்பும் மூன்று நான்கு மாதத்துக்குத்தான் வரும். வயிற்றில் ஒரு குழந்தை செல் செல்லாகப் பிரிந்து வளரும்போது அது மளமளவென்று கரையும். கர்ப்பிணிகளிடம் நோய் முதலில் தலைகாட்டியதற்கு அதுதான் காரணம்.

பி12 நேர் எதிர். செடியில் கிடையாது, பால், தயிர், முட்டை, மீன், கறி, முக்கியமாக ஈரல். கையிருப்பு வருஷக்கணக்கில் தாங்கும், அதனால் குறைவு மெதுவாக, சத்தமில்லாமல் வரும். பழைய சோற்றில் பி12 இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பழைய சோறு எனக்கும் பிடிக்கும், மோர் மிளகாயோடு. பி12-க்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

கல்யாணம் ஆன உடனே டாக்டர் ஃபோலிக் எழுதிட்டாங்க. இன்னும் ஒண்ணும் ஆகலையே?

அதனால்தான் எழுதியிருக்கிறார். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆவதற்கு முதலில் ஒரு குழாய் உருவாகி மூட வேண்டும். கரு உண்டான 28 நாளுக்குள் அது முடிந்துவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கவனிப்பதற்குள் வேலை முடிந்துபோகிறது. மூடாமல் விட்டால் முதுகுத்தண்டு பிளவோடு குழந்தை பிறக்கலாம். மண்டையோடே உருவாகாமலும் போகலாம்.

ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் சோதனை நடத்தியது. தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் எடுத்தவர்களிடம் அது மறுபடி நேர்வது 72 சதவீதம் குறைந்தது. முடிவு வந்தது 1991-இல். வில்ஸின் கட்டுரைக்குச் சரியாக 60 வருஷம் கழித்து. அமெரிக்கா 1998-லிருந்து மாவிலேயே கலக்கிறது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 0.4 மில்லிகிராம் போதும். 4, 5 மில்லிகிராம் எல்லாம் டாக்டர் காரணம் பார்த்துத் தருவது. பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

குழந்தைங்க ரத்தப் புற்றுநோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னீங்களே?

இருக்கிறது, தலைகீழாக. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் பிடித்தது போலத் தோன்றியது. செல் பிரிவதற்கு ஃபோலிக் வேண்டும் என்றேன் அல்லவா. புற்றுச் செல்லுக்கும் அதேதான். அப்போ அதைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு ஃபோலிக் போலவே வேஷம் போட்டு உள்ளே புகுந்து வேலையைக் கெடுக்கிற அமினோப்டெரின் என்ற பொருளைச் செய்து கொடுத்தது. 1948-இல் ஃபார்பர் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 10 பேரிடம் நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான். ஆனால் அதுவரை அந்த நோயில் எந்த மருந்தும் அவ்வளவுகூடச் செய்ததில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

எங்கம்மா மூட்டுவலிக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுறாங்க. கூடவே ஃபோலிக்கும். ஒண்ணு ஒண்ணைக் கெடுக்காதா?

மெத்தோட்ரெக்ஸேட் என்பது மேலே சொன்ன அமினோப்டெரினின் தம்பி. மூட்டுவலிக்குக் கொடுக்கிற அளவு மிகக் குறைவு. வாய்ப்புண், குமட்டல் போன்ற தொல்லைகளைக் குறைக்கத்தான் ஃபோலிக். பெரும்பாலும் வேறு கிழமையில் எடுக்கச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: அது வாரம் ஒருநாள் மாத்திரை. தினமும் போட்டுவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணு அடியோடு இறங்கி வந்த ரிப்போர்ட்டை என் கையால் எழுதியிருக்கிறேன். டப்பாவில் கிழமையை எழுதி ஒட்டுங்கள்.

தலசீமியா இருக்கிற பிள்ளைக்கும் ஃபோலிக் தர்றாங்க. அது பரம்பரை நோயாச்சே?

ஃபோலிக் அதைக் குணப்படுத்தாது. சிவப்பணு சீக்கிரம் சீக்கிரம் உடையும்போது மஜ்ஜை ஓவர்டைம் பார்க்கிறது, சரக்கு அதிகம் செலவாகிறது. அதை ஈடுகட்டத்தான்.

ரிப்போர்ட்ல எம்சிவி நார்மல்னு வந்திருக்கு. அப்போ பி12, ஃபோலிக் குறைவு இல்லைன்னு நிம்மதியா இருக்கலாமா?

எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை சரி என்று வைத்திருக்கிறோம். ‘சராசரி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரும்பு குறைந்தால் அணு சின்னதாகும், ஃபோலிக் குறைந்தால் பெரிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால்? மெஷின் கூட்டி வகுத்து 88 என்று சொல்லும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கர்ப்பிணிக்கு நானே அப்படி ‘நார்மல்’ என்று விட்டிருக்கிறேன். மறுநாள் சீனியர் அக்கா ஸ்லைடை எடுத்து என் கண்ணுக்கு நேரே வைத்தார். சின்னதும் பெரிதுமாக இரண்டு கூட்டம், நடுவில் ஆறு துண்டு உட்கருவோடு ஒரு வெள்ளணு. ‘மெஷின் பார்த்தது, நீ பார்த்தியா?’ என்று ஒரே கேள்விதான் கேட்டார். இப்போது அளவு பரவலைச் சொல்லும் ஆர்டிடபிள்யூ எண் ஏறியிருந்தால் ஸ்லைடு போடாமல் விடுவதில்லை.

அம்மாவோட சத்துக் குறைவால குழந்தைக்குச் சர்க்கரை நோய் வருமாமே?

‘வரும்’ என்று சொல்லக் கூடாது. புனே கேஇஎம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 1990-களிலிருந்து பக்கத்துக் கிராமத் தாய்மார்களையும் அவர்கள் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறது. பிறக்கும்போது எடை குறைவு, ஆனால் அந்தச் சின்ன உடம்பிலும் கொழுப்பின் பங்கு அதிகம் என்று நம் குழந்தைகளைப் பற்றிச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

2008-இல் வெளியான அவர்கள் கட்டுரையை வகுப்பில் எழுத்தெழுத்தாகப் படிப்போம். தாய்மார்களில் மூன்றில் இரண்டு பேருக்கு பி12 குறைவு; ஃபோலேட் குறைவு என்று பார்த்தால் ஒரே ஒருவருக்குத்தான். கர்ப்பத்தில் ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் குழந்தைகள் ஆறு வயதில் எப்படி இருந்தார்கள்? இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாத நிலை அவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கு இட்டுச் செல்லக்கூடிய நிலை அது. இது ஒரு தொடர்பு. இதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. ஆனால் வில்ஸ் பிரித்து வைத்த அதே இரண்டு பொருள்கள், இந்த முறை தராசு மறுபக்கம் சாய்ந்து.

ஐயையோ, அப்போ ஃபோலிக் மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடவே கூடாது. 28 நாள் கணக்கைத் திரும்பப் படியுங்கள். அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 0.5 மில்லிகிராம் ஃபோலிக்கும் இருக்கிறது. வளரிளம் பிள்ளைகளுக்கு அதையே நீல நிறத்தில் வாரம் ஒன்று தருகிறார்கள். அதைக் குப்பையில் போட்டுவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

செய்ய வேண்டியது, பி12-ஐயும் மறக்காமல் கேட்பது. முட்டை, மீன் தொடாத வீடு, பாலும் குறைவு என்றால் டாக்டரிடம் அதை வாய் திறந்து சொல்லுங்கள், அவர் பரிசோதனை எழுதுவார். அப்புறம் இன்னொன்று. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நேற்று பி12 ஊசி போட்டுக்கொண்டு இன்று காலை என் முன்னால் வந்து கை நீட்டுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் எழுதித் தருவது அந்த ஊசியின் அளவைத்தான். முதலில் ரத்தம் கொடுங்கள், ஊசி சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம்.